பழைய விஸ்கி டிகாண்டர்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைச் சரிசெய்வது எப்படி

அமெரிக்காவில் எஸ்டேட் சேல் (வீட்டுப் பொருள்களை மொத்தமாக விற்கும் விற்பனை), பழம்பொருள் கடை என்று சுற்றுகிறவர்கள் டிகாண்டர் எனப்படும் இந்தப் பீங்கான் விஸ்கிக் குப்பிகளைப் பார்க்காமல் திரும்பியிருக்க முடியாது. வான்கோழி, ரயில் எஞ்சின், பழைய ஃபோர்டு கார், கழுகு, எல்விஸ் பிரெஸ்லி. பார்க்கப் பொம்மை, தலையைக் கழற்றினால் உள்ளே போர்பன் என்ற அமெரிக்க விஸ்கி. ஜிம் பீம் நிறுவனம் 1955இல் ரீகல் சைனா பட்டறையிடம் பீங்கான் குப்பி செய்யக் கொடுத்ததிலிருந்து இந்த வழக்கம் சூடுபிடித்தது. எஸ்ரா புரூக்ஸ், ஓல்டு ஃபிட்ஸ்ஜெரால்டு, மெக்கார்மிக், 1971 முதல் வைல்டு டர்க்கி என்று மற்றவர்களும் வரிசையாக இறங்கினார்கள். பிரிட்டனில் பெல்ஸ் விஸ்கிக்காக வேட் பட்டறை மணி வடிவக் குப்பிகள் செய்தது. 1981இல் சார்லஸ்-டயானா திருமணத்துக்கு வந்த குப்பி இன்றும் எளிதாகக் கிடைக்கிறது.

இவற்றில் வரும் தொல்லைகள் பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன. இந்தக் குப்பிகளை மேசையில் வைத்து அழகு பார்க்கச் செய்தார்கள். ஐம்பது வருடம் விஸ்கியை உள்ளே வைத்துத் தாங்க வேண்டும் என்று யாரும் கணக்குப் போடவில்லை. அதனால் என் முதல் அறிவுரை எல்லா அறிகுறிக்கும் பொது: குப்பியை வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே இருப்பதைக் கண்ணாடிப் பாட்டிலுக்கு மாற்றுங்கள்.

மாற்றுவதற்கு முன் இரண்டு வேலை இருக்கிறது. நாலு பக்கமும், அடியிலும், மூடி மேல் ஒட்டிய காகிதப் பட்டையையும் படம் எடுங்கள். பிறகு சமையலறைத் தராசில் எடை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் பல கேள்விகளுக்கு இந்த எண்தான் பதில் சொல்லும்.

தலையைத் தூக்கினால் தக்கை பாதி உள்ளேயே நின்றுவிடுகிறது

இதுதான் எல்லோருக்கும் முதலில் வரும் சிக்கல். ஒயினைப் படுக்க வைப்பார்கள், தக்கை ஈரமாகவே இருக்கும். விஸ்கி நின்றபடியே இருப்பதால் தக்கை காய்ந்து போகிறது. போதாததற்கு, மேலெழும் ஆல்கஹால் ஆவி அதை வருடக்கணக்கில் அரிக்கிறது. அப்படிப்பட்ட தக்கை, பீங்கான் தலையின் பாரத்தோடு சேர்த்து இழுத்தால் உடையாமல் என்ன செய்யும்?

இன்னும் திறக்கவில்லை என்றால், திறப்பதற்கு முந்தின நாள் குப்பியை இரண்டு கையாலும் பிடித்து ஒரு நிமிடம் சாய்த்து வையுங்கள். தக்கையின் அடி நனைந்து கொஞ்சம் நெகிழும். மறுநாள் தலையைப் பிடித்துத் தூக்காதீர்கள், மெதுவாகத் திருகுங்கள். இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். அசைந்து கொடுத்த பிறகுதான் மேலே இழுக்க வேண்டும். வான்கோழியின் கழுத்தையோ குதிரையின் காதையோ பிடிமானமாக வைத்துக்கொள்ளக் கூடாது. தக்கை வருவதற்கு முன்னால் அது வந்துவிடும்.

ஏற்கெனவே உடைந்துவிட்டதா? சுருள் கம்பி உள்ள தக்கை எடுப்பானை இதில் பயன்படுத்த வேண்டாம். மக்கிப்போன தக்கையில் அது பிடிக்காது, நடுவில் ஓட்டை போட்டு மீதியைத் தூளாக்கிவிடும். இரண்டு மெல்லிய தகடு உள்ள எடுப்பான் கிடைக்கிறது. தக்கைக்கும் கழுத்துக்கும் இடையில் அந்தத் தகடுகளை மாற்றி மாற்றி இறக்கி, திருகியபடியே இழுத்தால் பெரும்பாலும் முழுசாக வரும். வரவில்லை என்றால் கவலைப்படாமல் உள்ளே தள்ளிவிடுங்கள். எப்படியும் விஸ்கியை வெளியே ஊற்றத்தான் போகிறோம். வெளுக்காத காபி ஃபில்டர் காகிதத்தைப் புனலில் போட்டு வடிகட்டினால் தூள் நின்றுவிடும்.

காலியான குப்பிக்கு மூடி வேண்டுமே. பழைய தக்கையை பீங்கான் தலையின் குழியிலிருந்து சுரண்டி எடுத்துவிட்டு, கழுத்தின் உள் விட்டத்தை அளந்து, ஒரு முனை சற்றுக் குறுகலான புதுத் தக்கை வாங்கி ஒட்டலாம். காலிக் குப்பிதான் என்பதால் இறுக்கமாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை, தலை ஆடாமல் நின்றால் போதும்.

அடியில் பிசுபிசுப்பு, அலமாரியில் பழுப்பு வளையம்

கசிகிறது. இதைத் தள்ளிப்போட வேண்டாம், இன்றே ஊற்றிவிடுங்கள்.

பீங்கானுக்கு மேல் கண்ணாடி போன்ற மெருகுப் பூச்சு இருக்கிறது. பீங்கானும் பூச்சும் சூட்டில் விரிவதும் குளிரில் சுருங்குவதும் ஒரே அளவில் நடக்காததால், காலப்போக்கில் பூச்சில் வலைபோல மெல்லிய கோடுகள் விழும். உள்பக்கமும் இப்படி விழுந்திருந்தால், அந்தக் கோடுகள் வழியாக விஸ்கி களிமண் உடம்புக்குள் இறங்கி, பூச்சு இல்லாத அடிப்பகுதி வழியாக வெளியே வரும். ஆல்கஹால் பறந்துவிடும், பழுப்பான பிசுக்கு மட்டும் மிஞ்சும்.

எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்க, குப்பியைக் காலிசெய்து உலர்த்தி, தண்ணீர் நிரப்பி, வெள்ளை டிஷ்யூ காகிதத்தின் மேல் ஓரிரு நாள் நிறுத்துங்கள். காகிதம் நனையும் இடம் காட்டிக்கொடுக்கும். உள்ளே மெழுகு ஊற்றி அடைப்பது, பிசின் பூசுவது என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கசியும் குப்பி இனி காட்சிக்கு மட்டும்தான். அடைத்து மறுபடி நிரப்புவதால் யாருக்கும் லாபம் இல்லை.

முத்திரை கலையவில்லை, ஆனால் தூக்கினால் லேசாக இருக்கிறது

பீங்கான் வழியே உள்ளே பார்க்க முடியாது. அதனால் இது வாங்கும்போதே எழ வேண்டிய சந்தேகம். காய்ந்த தக்கையின் ஓரம் வழியாக விஸ்கி ஆவியாகிக்கொண்டே இருக்கும். முத்திரை அப்படியே இருந்தும் பாதி காலியான குப்பிகள் சகஜம்.

கணக்கு எளிது. 43 சதவீத ஆல்கஹால் உள்ள விஸ்கி ஒரு மில்லிலிட்டர் ஏறக்குறைய 0.94 கிராம் இருக்கும். பழைய அமெரிக்க அளவான 4/5 குவார்ட் என்பது 757 மில்லி, அதாவது உள்ளே சுமார் 710 கிராம் திரவம் இருக்க வேண்டும். அதே மாதிரிக் காலிக் குப்பி யாரிடமாவது இருந்தால் எடை கேட்டு வாங்கிக் கழித்துப் பாருங்கள். கையால் செய்த பொருள் என்பதால் குப்பிக்குக் குப்பி எடை கொஞ்சம் மாறும். அதனால் சிறு வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டாம். 300 கிராம் குறைந்தால் பொருட்படுத்துங்கள்.

எடை சரியாக இருந்தும் முத்திரைப் பட்டை கிழிந்து ஒட்டியதுபோல் தெரிந்தால் வேறு சந்தேகம் வர வேண்டும். காலிக் குப்பியில் மலிவான விஸ்கியை ஊற்றி விற்பது இந்தச் சந்தையில் நடக்கிற விஷயம்தான். உள்ளே தெரியாத குப்பி அதற்குத் தோதானது. ஒட்டிய பசை புற ஊதா விளக்கில் பெரும்பாலும் தனியாக ஒளிரும். சின்னப் புற ஊதா டார்ச் ஒன்று பையில் இருக்கட்டும்.

ஊற்றினால் கலங்கலாக இருக்கிறது, அடியில் வெள்ளைத் துகள்

இந்த அறிகுறியைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒன்றும் செய்யாத கலங்கலும் உண்டு, உடம்பைக் கெடுப்பதும் உண்டு.

குளிர்ந்த அறையில் மங்கலாகி, அறை வெப்பத்துக்கு வந்ததும் தெளிந்துவிட்டால் அது விஸ்கியிலேயே உள்ள கொழுப்பு அமில எஸ்டர்கள் செய்யும் வேலை. 46 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் விஸ்கியில் இது இயல்பு. பழுப்புத் தூள் மிதந்தால் தக்கை. ஆனால் வெள்ளையாக, மணல்போல நறநறக்கும் துகள் இருந்தால் உள் பூச்சு கரைந்தோ உரிந்தோ வந்திருக்கலாம். அந்த விஸ்கியை வடிகட்டிக் குடிக்கலாமா என்று கேட்காதீர்கள். குடிக்க வேண்டாம்.

ஆனால் தெளிவாக இருக்கிற விஸ்கியும் பாதுகாப்பு என்று அர்த்தமில்லை. அந்தக் காலத்துப் பீங்கான் மெருகிலும் வண்ணங்களிலும் ஈயம் சேர்ப்பது வழக்கம். நன்றாகச் சுட்ட பூச்சில் அது கட்டுண்டு கிடக்கும். சரியாகச் சுடாததிலும், கோடு விழுந்ததிலும் மெல்ல வெளியேறும். விஸ்கி மிதமான அமிலத்தன்மை உள்ளது, அதற்கு மேல் பல பத்தாண்டு நேரமும் கிடைத்திருக்கிறது. ஈயத்துக்கு நிறமில்லை, மணமில்லை. நாக்கை நம்பி ஒரு முடிவும் எடுக்க முடியாது.

ஈயம் சேர்த்துச் செய்யும் கிரிஸ்டல் கண்ணாடியில் இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அளந்த சான்றே இருக்கிறது. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1991இல் வெளியிட்ட ஆய்வில், லிட்டருக்கு 89 மைக்ரோகிராம் ஈயம் இருந்த போர்ட் ஒயின், கிரிஸ்டல் டிகாண்டர்களில் நாலு மாதம் இருந்த பிறகு 2,000 முதல் 5,000 மைக்ரோகிராம் வரை ஏறியிருந்தது. ஐந்து வருடத்துக்கு மேல் கிரிஸ்டலில் கிடந்த பிராந்தியில் 20,000ஐத் தொட்டது. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவு லிட்டருக்கு 10. பீங்கான் குப்பிகள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. ஒரே பட்டறை, ஒரே வருடம் என்றாலும் ஒன்றில் ஏறாமலும் பக்கத்ததில் ஏறியும் இருக்கலாம். அதனால் "என் நண்பர் அதே குப்பியிலிருந்து குடித்தார், ஒன்றும் ஆகவில்லை" என்பது சான்றாகாது. ஈயம் ஒரே நாளில் வேலையைக் காட்டுவதும் இல்லை, உடம்பில் சேர்ந்துகொண்டே போகும்.

சரி, எப்படித்தான் தெரிந்துகொள்வது? கடையில் விற்கும் தேய்த்துப் பார்க்கும் குச்சிகள் மேற்பரப்பில் ஈயம் இருக்கிறதா என்று காட்டவே செய்தவை. உள்ளே இருக்கும் திரவத்தைப் பற்றி அவை எதுவும் சொல்லாது. குடிநீர்ச் சோதனைப் பட்டைகள் ஆல்கஹாலுக்காகச் செய்யப்படவில்லை. மாதிரி எடுத்து, உலோகங்களை அளக்கும் ஆய்வகத்துக்கு அனுப்புவது ஒன்றுதான் வழி. சாராயம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், எல்லா ஆய்வகமும் அதை எடுத்துக்கொள்வதில்லை. முடிவு வரும்வரை கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, "சோதிக்கவில்லை, குடிக்காதே" என்று எழுதி ஒட்டி, தனியே வையுங்கள். வீட்டுக்கு வரும் விருந்தாளி கையில் அது சிக்கக் கூடாது.

காபி வடிகட்டி ஈயத்தைப் பிடிக்காது. கொதிக்க வைத்தாலும் போகாது, ஆல்கஹால் ஆவியாக ஆக மிச்சத்தில் ஈயம் இன்னும் அடர்த்தியாகும். இந்த விஸ்கியைப் போட்டு கேக், சாஸ் செய்வதும் கூடவே கூடாது. குழந்தைகளுக்கு ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்றே கிடையாது. யாராவது இப்படிப்பட்ட குப்பியிலிருந்து தொடர்ந்து குடித்து வந்திருந்தால் மருத்துவரிடம் சொல்லி ரத்தத்தில் ஈய அளவு பார்க்கச் சொல்லுங்கள், சாதாரணச் சோதனைதான்.

சோதனைக்குச் செலவு செய்ய மனமில்லையா? அதில் தப்பே இல்லை. அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் விஸ்கியைக் கொடுத்துவிட்டு, குப்பியைக் கழுவி அலமாரியில் வையுங்கள். சேகரிப்பில் ஒன்றும் குறையாது.

வாசனை சரியில்லை

நனைந்த அட்டைப்பெட்டி வாசனை என்றால் தக்கை பூஞ்சை. அது போகாது. பழைய மரச்சாமான், மெழுகு, கொஞ்சம் உலோகம் கலந்த வாசனை பழைய பாட்டில்களில் முதல் சில நிமிடங்களுக்கு வரும், திறந்து வைத்தால் தணியும். ஆய்வகம் சரி என்று சொன்ன விஸ்கிக்கு மட்டும்தான் இந்தப் பேச்சு.

மெருகில் வலைபோல் கோடு, அழுக்கு ஏறியிருக்கிறது

கோடுகளை அழிக்க முடியாது. அழுக்கைக் கொஞ்சம் குறைக்கலாம். ஆனால் கை வைப்பதற்கு முன் அந்த வண்ணம் சூளையில் சுட்டதா, மேலே வெறுமனே பூசியதா என்று தெரிய வேண்டும். அடிப்பக்கம் கண்ணில் படாத ஓர் இடத்தில் ஈரப் பஞ்சைத் தொட்டுப் பாருங்கள். பஞ்சில் நிறம் வந்தால் தண்ணீரே ஆகாது, மெல்லிய ஓவியத் தூரிகையால் தூசி தட்டுவதோடு நிறுத்துங்கள். தங்கக் கோடு உள்ள இடங்களில் துடைப்பதே தேய்மானம்தான். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போட்டால் தங்கமும் போகும், காகித லேபிளும் போகும்.

ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்துக் கறை எடுக்கும் முறை ஒன்று சொல்வார்கள். வெள்ளைத் தட்டுக்கு அது சரியாக இருக்கலாம். வண்ணமும் பொன்னும் உள்ள குப்பிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஐம்பது வருடக் கறை தெரிந்தால் தெரியட்டும்.

கிரிஸ்டல் டிகாண்டரில் மூடி இறுகிவிட்டது

இழுக்காதீர்கள், தட்டாதீர்கள். மூடியும் கழுத்தும் சேரும் இடத்தில் இரண்டு சொட்டு கிளிசரின் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் வெதுவெதுப்பான துணியைக் கழுத்தில் மட்டும் சுற்றினால் கழுத்து லேசாக விரியும், மூடி விரியாது. அப்போது திருகுங்கள். கொதிநீர் வேண்டாம், கிரிஸ்டல் விரிசல் விட்டுவிடும்.

உள்ளே வெள்ளைப் படலம் இருந்தால் வினிகரும் அரிசியும் போட்டுச் சுழற்றிப் பாருங்கள். உப்புப் படிவமாக இருந்தால் போய்விடும். நனைந்திருக்கும்போது மறைந்து, காய்ந்ததும் திரும்ப வருகிறதென்றால் கண்ணாடியே அரிக்கப்பட்டிருக்கிறது, வீட்டு வைத்தியம் எதுவும் உதவாது. கிரிஸ்டலை விருந்தன்று சாயங்காலம் நிரப்பி, ராத்திரி மிச்சத்தைப் பாட்டிலில் திருப்பி ஊற்றிவிடும் பழக்கம் நல்லது.

பாட்டுப்பெட்டி வாய் திறக்கவில்லை

மெக்கார்மிக் 1978இலிருந்து வெளியிட்ட எல்விஸ் குப்பிகளின் அடியில் சாவி கொடுக்கும் இசைப்பெட்டி இருக்கும். வேறு சிலவற்றிலும் உண்டு. பாடவில்லை என்றதும் எல்லோரும் செய்வது இன்னும் சாவி கொடுப்பது. சாவி ஏற்கெனவே இறுகியிருந்தால் தயவுசெய்து நிறுத்துங்கள். வில் முழுக்கச் சுற்றித்தான் இருக்கிறது, வேறு எங்கோ பல்சக்கரம் சிக்கியிருக்கிறது. பெரும்பாலும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சின்னக் காற்றாடியில் பழைய எண்ணெய் கோந்தாகி ஒட்டிக்கொண்டிருக்கும், அல்லது கசிந்த விஸ்கி உள்ளே போய்ப் பிசுக்காகியிருக்கும்.

தலையைத் தூக்கினால் அல்லது குப்பியை எடுத்தால் விலகும் ஒரு நிறுத்துக் கம்பி இருக்கிறதா, அது வளைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பாதிக் கோளாறு அதுவாகவே இருக்கும். அடுத்து, காற்றாடியை ஒரு பல்குச்சியால் லேசாகத் தொட்டுத் தள்ளிப் பாருங்கள். அதற்கு மேல் போக வேண்டாம். வில் இறுகியிருக்கும்போது காற்றாடியைக் கழற்றினால் உருளை கட்டுப்பாடின்றி ஓடி, இசை எழுப்பும் சீப்பின் பற்களை உடைத்துவிடும், விரலையும் பதம் பார்க்கும். இசைப்பெட்டி பழுது பார்ப்பவரிடம் கொடுக்கும் செலவு, அந்தச் சீப்பைத் தேடி அலைவதைவிடக் குறைவு.

காது உடைந்துவிட்டது

அப்போதே சூப்பர் கோந்து போடாதீர்கள். துண்டுகளைப் பொறுக்கித் தனித்தனிக் காகிதத்தில் சுற்றி வையுங்கள். அருங்காட்சியகங்களில் பயன்படுத்தும் பாரலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசின் அசிட்டோனில் கரையும், தப்பாக ஒட்டினாலும் பிரித்து மறுபடி ஒட்டலாம். எபாக்ஸி பலமானது, ஆனால் மஞ்சளாகிவிடும், பிரிக்கவும் முடியாது. ஒட்டியதை விற்கும்போது மறைக்காமல் சொல்லுங்கள்.

விற்கப் போனால் யாரும் வாங்குவதில்லை

இது குப்பியின் கோளாறு இல்லை. அன்று எண்ணிக்கையில் மிகுதியாகச் செய்தார்கள், வாங்கியவர்கள் எல்லோரும் பத்திரமாக வைத்தார்கள். பத்திரமாக இருப்பது எல்லோரிடமும் இருந்தால் விலை எங்கே ஏறும்? சாதாரண ஜிம் பீம் குப்பி காலியாக இருந்தால் சொற்ப விலைதான். நல்ல காசு கேட்பது பெரும்பாலும் உள்ளே இருக்கும், முத்திரை கலையாத பழைய விஸ்கிக்காக. மேலே சொன்ன ஈய விவகாரத்தை நினைத்தால் அந்த விலையில் எனக்கு மனம் ஒப்பவில்லை. பிடித்த உருவம் என்றால் வாங்குங்கள், முதலீடு என்று வாங்காதீர்கள்.

வயது மட்டும் தெரிய வேண்டுமென்றால் சில அடையாளங்கள் கைகொடுக்கும். "இந்தப் பாட்டிலை மறுபடி விற்பதையும் பயன்படுத்துவதையும் மத்திய சட்டம் தடுக்கிறது" என்ற பொருளில் ஆங்கில வாசகம் பொறித்திருந்தால் 1935க்கும் 1964க்கும் இடைப்பட்டது. 4/5 குவார்ட் என்று போட்டிருந்தால் பொதுவாக 1980க்கு முந்தியது, 750 மில்லி அதை ஒட்டியோ அதற்குப் பிந்தியோ வந்தது. கழுத்தின் மேல் வரி கட்டியதைக் காட்டும் காகிதப் பட்டை 1985 வரைதான். அதில் பச்சை நிறம் என்றால் பாண்டட் விஸ்கி, அதாவது குறைந்தது நாலு வருடம் பீப்பாயில் இருந்தது, ஆல்கஹால் 50 சதவீதம். அந்தப் பச்சைப் பட்டையிலேயே வடித்த பருவமும் வருடமும், பாட்டிலில் அடைத்த பருவமும் வருடமும் அச்சாகியிருக்கும். கர்ப்பிணிகளுக்கான அரசு எச்சரிக்கை லேபிளில் இருந்தால் 1989 நவம்பருக்குப் பிந்தியது.

விற்றதை அனுப்பும்போது விஸ்கி உள்ளே இருந்தால் அமெரிக்க அஞ்சல் துறை ஏற்காது, தனிநபர் மது விற்பதற்கு மாநிலத்துக்கு மாநிலம் வேறு சட்டமும் உண்டு. காலிக் குப்பி என்றால் உள்ளே நன்றாகக் கழுவி உலர்த்துங்கள். தலையையும் உடம்பையும் பிரித்துத் தனித்தனியாகச் சுற்றுங்கள். ஒன்றாக வைத்து அனுப்பினால் கழுத்துக்குள் தலை ஆடி, வழியிலேயே இரண்டும் சில்லுபோகும்.